ஓபிடி போர்ட்டில் கரண்ட் வரவில்லையா? பழுதை வரிசையாகத் தேடும் முழுமையான வழிகாட்டி

வண்டியின் கணினிகளோடு பேசிப் பழுதைப் படிக்கும் ஸ்கேனரை, அதற்கென உள்ள 16 துளை சாக்கெட்டான ஓபிடி போர்ட்டில் செருகியாயிற்று, அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பெரும்பாலோர் உடனே ஃபியூஸ் பெட்டியைத் திறக்கிறார்கள். நாலைந்து ஃபியூஸைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்றதும் டேஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். அரை நாள் அதிலேயே போய்விடும். போர்ட்டின் வாயிலேயே மூன்று நிமிடம் அளந்திருந்தால் போனது பாசிட்டிவா எர்த்தா (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) என்பது தெரிந்திருக்கும். தேட வேண்டிய வயரிங்கில் பாதி அங்கேயே கழிந்திருக்கும்.

கீழே வரும் அளவுகள் 12 வோல்ட் வண்டிகளுக்கானவை. 24 வோல்ட் கனரக வண்டிகளில் முறை இதுவேதான். வோல்ட் எண்களை மட்டும் இரட்டித்துக்கொள்ளுங்கள், பல்புகளும் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. அதன் சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்பு யாரோ ஆம்பியர் துளையில் செருகிவிட்டு அப்படியே விட்டிருந்தால், நீங்கள் போர்ட்டின் 16-ஆம் பின்னுக்கும் (பாசிட்டிவ்) 4-ஆம் பின்னுக்கும் (எர்த்) நடுவே வைத்த நொடியில் அது நேரடி ஷார்ட். மீட்டரின் ஃபியூஸோ வண்டியின் ஃபியூஸோ போகும். பிறகு இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இழை பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப் ஒன்று: 12 வோல்ட், 5 வாட். எல்இடி டெஸ்ட் லாம்ப் இந்த வேலைக்கு உதவாது. அது மிகக் குறைந்த கரண்டிலேயே எரிந்துவிடும். இற்றுப்போன வயரையும் நல்ல வயர் என்று காட்டும்.

21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டரோடு. இது ஷார்ட் தேடுவதற்கு. எரிந்துபோன பழைய பிளேடு ஃபியூஸ் ஒன்றின் இரண்டு கால்களிலும் வயரைப் பற்றவைத்து, மறுமுனைகளை இந்த ஹோல்டரில் இணைத்துவிட்டால், ஃபியூஸ் இடத்தில் அப்படியே செருகிக்கொள்ளலாம்.

போர்ட்டிலிருந்து பேட்டரி வரை எட்டும் நீள வயர், நடுவில் 3 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள ஜம்பர் வயர், பின்பக்கமாகக் குத்தி அளக்க மெல்லிய ஊசி முனைகள், டார்ச். வண்டியின் வயரிங் படம் கிடைத்தால் வேலை பாதியாகும். கிடைக்காவிட்டாலும் முடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் உறையிலோ மஞ்சள் கப்ளரிலோ (வயர்களை இணைக்கும் பிளக்) வரும் வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரையும் வைக்கக் கூடாது, டெஸ்ட் லாம்பையும் வைக்கக் கூடாது. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர்களுக்கும் இதே விதி.

## 2. கெட்டது போர்ட்தானா?

அதே ஸ்கேனரை வேறொரு வண்டியில் செருகிப் பாருங்கள். அங்கே எரிந்தால் மேலே போகலாம். எரியாவிட்டால் ஸ்கேனரில் கோளாறு; பெரும்பாலும் அதன் கேபிள் பிளக்கை ஒட்டி மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும்.

வேறு வண்டி கிடைக்காவிட்டால் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். எஞ்சின் நின்ற நிலையில் 12.4 முதல் 12.7 வரை இருக்க வேண்டும். 11-க்குக் கீழே இறங்கிய பேட்டரியில் சில ஸ்கேனர்கள் எழும், உடனே அணையும். அதைப் போர்ட் பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்கேனரில் விளக்கு எரிகிறது, ஆனால் வண்டியோடு இணையவில்லை என்றால் அது கரண்ட் பழுதாக இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் 4, 5-ஆம் படிகளை மட்டும் முடித்துவிட்டு 11-ஆம் படிக்குப் போங்கள்.

## 3. பின்களைத் தவறாமல் எண்ணுங்கள்

போர்ட்டை முன்பக்கமிருந்து, அகலமான வரிசை மேலே இருக்கும்படி பாருங்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8. கீழ் வரிசையில் 9 முதல் 16. வலது கீழ்க்கோடியில் இருப்பது 16. அதுதான் பாசிட்டிவ். மேல் வரிசையின் நடுவில் ஒட்டி நிற்கும் 4, 5 இரண்டும் எர்த்: 4 பாடி எர்த், 5 சிக்னல் எர்த்.

எண்ணுவதில் தவறு இரண்டு இடங்களில் நடக்கும். பல வண்டிகளில் போர்ட் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கும். அப்போது 16 இடது மேல்க்கோடிக்கு வந்துவிடும். பின்பக்கமாக, வயர் நுழையும் பக்கத்திலிருந்து அளந்தாலோ வரிசை இடம் வலமாகத் திரும்பிவிடும். போர்ட்டின் பிளாஸ்டிக்கிலேயே பொடி எழுத்தில் எண் பொறித்திருக்கும். டார்ச் அடித்துப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

16 துளைகளிலும் உலோகம் இருக்காது. பல வண்டிகளில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். அது பழுது அல்ல. 4, 5, 16 மூன்றும் மட்டும் இருந்தே ஆக வேண்டும்.

மீட்டரின் தடித்த முனையைத் துளைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெண் டெர்மினல் (ஸ்கேனரின் பின்னைப் பிடிக்கும் உலோகக் கவ்வி) விரிந்துவிடும். அளக்கும்போது 12 வோல்ட் காட்டும். ஸ்கேனரைச் செருகினால் தொடாது. வந்த பழுதோடு நீங்கள் உண்டாக்கிய பழுதும் சேர்ந்துகொள்ளும். பின்பக்கமாகக் குத்துங்கள், அல்லது ஸ்கேனர் பின் அளவுக்கு மெல்லிய ஆண் டெர்மினலை வைத்து அளங்கள்.

## 4. பாசிட்டிவையும் எர்த்தையும் தனித்தனியாக அளங்கள்

16-க்கும் 4-க்கும் நடுவே மீட்டரை வைத்து, 0 என்று வந்ததும் "பாசிட்டிவ் வரவில்லை" என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. எர்த் அறுந்திருந்தாலும் அதே 0-தான் வரும். ஒரு பக்கத்தைப் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொண்டு மற்றொரு பக்கத்தைச் சோதிக்க வேண்டும்.

முதலில் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், சிவப்பை 16-இல். பேட்டரி வோல்டேஜ் அப்படியே வர வேண்டும். சாவி போடாமலேயே வர வேண்டும். 16-ஆம் பின்னுக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும் என்பதுதான் தர விதி. சாவி போட்டால் மட்டும் வருகிறது என்றால், யாரோ அந்த வயரை வேறு இடத்தில் இணைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு 4-இல். பிறகு 5-இல். இரண்டிலும் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். 4, 5 இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் காரணம் உண்டு. சில ஸ்கேனர்கள் இரண்டையும் உள்ளே சேர்த்திருக்கும். சில ஒன்றை மட்டும் நம்பியிருக்கும். ஒரே வண்டியில் ஒரு ஸ்கேனர் எரிந்து இன்னொன்று எரியாமல் இருந்தால், இரண்டு எர்த்தில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம்.

16-இல் இல்லை என்றால் 6-ஆம் படி. எர்த்தில் இல்லை என்றால் 9-ஆம் படி. மூன்றும் சரி என்றால் பழுது இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்; அடுத்த படியைத் தாண்டாதீர்கள்.

## 5. லோடு கொடுத்துப் பாருங்கள்

மீட்டர் மிகமிகக் குறைந்த கரண்டையே இழுக்கும். எட்டு இழை உள்ள வயரில் ஏழு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், களிம்பு பூத்த இணைப்பாக இருந்தாலும், மீட்டர் 12.5 என்று சாதிக்கும். ஸ்கேனர் கரண்ட் கேட்டதும் அந்த 12.5 சரிந்து விழும்.

5 வாட் டெஸ்ட் லாம்பை 16-க்கும் 4-க்கும் நடுவே இணையுங்கள். அது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே இரண்டு அளவுகளை எடுங்கள்:

- பேட்டரி பாசிட்டிவுக்கும் 16-க்கும் நடுவே: 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.
- 4-க்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே: 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

எந்தப் பக்கம் எண் கூடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் தடை. 2, 3 வோல்ட் என்று வந்தால் அதை முழுதாக அறுந்த வயராகவே வைத்துக்கொண்டு தேடுங்கள். 5-ஐயும் இதேபோல் பாருங்கள்.

இந்த லாம்பை 4, 5, 16 தவிர வேறு எந்தப் பின்னிலும் வைக்காதீர்கள். மற்றவை வண்டியின் கணினிகளுக்குப் போகும் தகவல் வயர்கள். பல்பு இழுக்கும் கரண்ட் அவற்றின் உள்சுற்றைக் கெடுக்கக்கூடும்.

லோடிலும் மூன்றும் சரியாக இருந்தால் 10-ஆம் படிக்குத் தாவுங்கள்.

## 6. பாசிட்டிவ் இல்லை: ஃபியூஸைப் பிடியுங்கள்

பெட்டி மூடியில் "ஓபிடி", "டிஎல்சி", "டயக்" என்று (மூன்றும் இந்தப் போர்ட்டையே குறிக்கும்) எழுதியிருந்தால் நல்லது. பல வண்டிகளில் அப்படி இருக்காது. போர்ட்டுக்குத் தனி ஃபியூஸே இல்லாமல், சிகரெட் லைட்டர் சாக்கெட், ரூம் லைட், கடிகாரம், ரேடியோவின் நினைவுக் கரண்ட் இவற்றில் ஏதோ ஒன்றோடு பங்குபோட்டிருக்கும். ஆகவே பெயரைத் தேடுவதைவிட, போர்ட்டோடு சேர்ந்து வேறு எது செத்திருக்கிறது என்று பாருங்கள். லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறவில்லை என்றால் கிட்டத்தட்ட ஆளைப் பிடித்த மாதிரிதான்.

ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது போதாது. உள் கம்பியில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய இடத்தை மறந்து வேறு இடத்தில் மாட்டும் ஆபத்தும் உண்டு. இருந்த இடத்திலேயே வைத்து, முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லாம்பால் தொடுங்கள். லாம்பின் கிளிப் பேட்டரி நெகட்டிவிலோ நல்ல பாடி எர்த்திலோ இருக்கட்டும்.

இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிற்று. இரண்டிலும் எரியாவிட்டால் அந்த ஃபியூஸுக்கே கரண்ட் வந்து சேரவில்லை. சாவி போட்டு மறுபடி தொடுங்கள். அப்போது எரிந்தால் அது சாவிக்குப் பிறகு வரும் ஃபியூஸ், நீங்கள் தேடுவது அது அல்ல. அப்போதும் இல்லை என்றால் எஞ்சின் அறையில் உள்ள பெரிய ஃபியூஸைப் பாருங்கள். உள் பெட்டிக்குக் கரண்ட் அங்கிருந்துதான் வருகிறது.

மாற்றும்போது அதே ஆம்பியர் போடுங்கள். நிறம் பார்த்தால் போதும்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். 10 போன இடத்தில் 20 போட்டால் ஃபியூஸ் பிழைக்கும். அடுத்து உருகுவது வயராக இருக்கும்.

புது ஃபியூஸைச் செருகும்போது பிடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பெட்டியின் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. நாளை மறுபடி இதே வேலை காத்திருக்கும்.

## 7. புது ஃபியூஸும் போகிறது: ஷார்ட்டைத் தேடுங்கள்

ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போட்டு எரிக்காதீர்கள். எப்போது போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்கேனரைச் செருகும் நொடியில்தான் போகிறது என்றால் முதல் சந்தேகம் ஸ்கேனர்மேல்: அதைக் கழற்றி, அதன் பிளக்கில் 16-க்கும் 4-க்கும் நடுவே தடையை அளங்கள். கிட்டத்தட்ட 0 ஓம் வந்தால் ஸ்கேனரே ஷார்ட்.

ஸ்கேனர் இல்லாமலேயே போகிறது என்றால், ஃபியூஸைக் கழற்றிவிட்டு, லைட்டர் சாக்கெட்டுக்குள் டார்ச் அடியுங்கள். நாணயம், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், பேப்பர் கிளிப், உடைந்த சார்ஜரின் நுனி இவைதான் இந்தப் பழுதுக்குப் பழகிய காரணங்கள். சாக்கெட்டின் நடுத் தகடு வளைந்து பக்கச் சுவரைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். ஃபியூஸைக் கழற்றாமல் இடுக்கியை உள்ளே விட்டால் நீங்களே இன்னொரு ஷார்ட் போடுவீர்கள்.

அங்கே ஒன்றுமில்லையா? 21 வாட் பல்பை ஃபியூஸ் இடத்தில் செருகுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். கரண்ட் 2 ஆம்பியரைத் தாண்டாது, வயர் சூடாகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம். மங்கலாக எரிந்தால் அது ரூம் லைட், கடிகாரம் போன்ற வழக்கமான லோடாக இருக்கலாம். முழு வெளிச்சம்தான் ஷார்ட்.

பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த ஃபியூஸைப் பங்குபோடும் ஒவ்வொன்றின் கப்ளரையும் கழற்றுங்கள்: லைட்டர் சாக்கெட், ரேடியோ, பின்னால் பொருத்திய ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், டேஷ்கேம். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அந்தக் கிளைதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் அணையவில்லை என்றால் வயரிங்கிலேயே ஷார்ட். வயர்க் கட்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே போங்கள். பல்பு கண்சிமிட்டும் இடத்தில் நில்லுங்கள்.

முதலில் ஆட்ட வேண்டிய இடங்கள்: போர்ட்டின் பின்பக்கம், பெடல் தாங்கியை ஒட்டிய கட்டு, கதவோரக் கால்பக்க மூடிக்கு உள்ளே. அந்த மூடியைத் திரும்பப் பொருத்தும்போது நீளமான ஸ்க்ரூவைப் போட்டு வயரைக் குத்திவிடுவது சகஜம். ஸ்டீயரிங் உயரம் மாற்றக்கூடிய வண்டியில் அதை ஒருமுறை மேலும் கீழும் நகர்த்துங்கள். அங்கே கட்டு உரசிக் காப்பு தேய்ந்திருக்கலாம்.

## 8. ஃபியூஸ் நல்லது, 16-இல் மட்டும் இல்லை

ஃபியூஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவே வயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு கப்ளர் விட்டிருக்கிறது. நடுவழியில் தேடத் தொடங்காமல் போர்ட்டின் பின்பக்கத்தில் தொடங்குங்கள். 16-ஆம் டெர்மினல் பூட்டு விட்டுப் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும், அல்லது டிராக்கர் பொருத்தியவர் அந்த வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். டேப்பின் பசை காய்ந்து முறுக்கு தளர்ந்ததும் கரண்ட் நின்றுவிடும்.

பாசிட்டிவ் வழி மட்டும்தான் பழுதா என்பதை ஒரே அடியில் உறுதி செய்ய வேண்டுமா? ஃபியூஸைக் கழற்றிவிட்டு, 3 ஆம்பியர் ஜம்பரால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 16-க்குக் கரண்ட் கொடுங்கள். ஸ்கேனர் எழுந்து வண்டியோடும் பேசினால் மற்ற எல்லாம் நலம். ஃபியூஸைக் கழற்றாமல் இதைச் செய்யாதீர்கள். ஃபியூஸுக்கு மறுபக்கம் உள்ள மற்ற சுற்றுகளும் உங்கள் ஜம்பர் வழியாகக் கரண்ட் இழுக்கக்கூடும். இந்த ஜம்பர் சோதனைக்கு மட்டும்தான். அப்படியே நிரந்தரமாக விட்டுவிட்டுப் போவது அடுத்து வேலை பார்ப்பவருக்குக் குழி தோண்டுவது.

## 9. எர்த் இல்லை

4-ஆம் பின்னின் வயர் பெரும்பாலும் அருகிலேயே, டேஷ்போர்டுக்குக் கீழே ஏதோ ஒரு போல்ட்டில் முடியும். அந்த போல்ட்டைக் கழற்றுங்கள். வளையத்தையும் அது உட்காரும் தகட்டையும் பெயின்ட், துரு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். வெளியிலிருந்து முறுக்கினால் மட்டும் போதாது. துரு இருப்பது வளையத்துக்கு அடியில்.

அந்த இடத்தில் தண்ணீர் ஊறிய தடம், கம்பளத்தில் ஈரம், டெர்மினலில் பச்சைக் களிம்பு தெரிந்தால் எர்த்தைச் சரிசெய்வது பாதி வேலைதான். நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் களிம்பு மறுபடி பூக்கும்.

5-ஆம் பின்னின் எர்த் வேறு வழியாக, சில வண்டிகளில் எஞ்சின் கணினியின் எர்த்தோடு சேர்ந்து போகும். அதனால் 4-ஐயும் 5-ஐயும் போர்ட்டிலேயே முறுக்கி ஒன்றாக்கிக் குறுக்குவழி தேட வேண்டாம். எது அறுந்ததோ அதன் வழியைச் சரிசெய்யுங்கள்.

## 10. எல்லா அளவும் சரி, ஸ்கேனர் மட்டும் எரியவில்லை

விரிந்த டெர்மினல். அடிக்கடி ஸ்கேனர் செருகப்படும் வண்டிகளிலும், ஒரு டாங்கிள் (போர்ட்டிலேயே செருகிவிடும் சிறு கருவி) எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் வண்டிகளிலும் இது வரும். பிளக்கைக் கையால் ஒரு பக்கம் அழுத்தினால் விளக்கு எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் வேறு சோதனை தேவையில்லை.

உறுதி செய்ய, அதே அளவு ஆண் டெர்மினல் ஒன்றை 16-க்குள் விட்டு இழுங்கள். நல்ல பின் ஒன்றிலும் இழுத்து ஒப்பிடுங்கள். பிடிமானம் இல்லாமல் வந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டெர்மினலை வெளியே எடுத்து மாற்றுங்கள். ஊசியால் நெம்பி இறுக்குவது சில வாரங்களுக்குத் தாங்கும். தகடு ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் மறுபடி விரியும்.

## 11. கரண்ட் வந்துவிட்டது, வண்டி பேசவில்லை

இது வேறு பழுது. இங்கே ஒரே ஒரு அளவு. கேன் முறையில் (கணினிகள் இரண்டு வயரில் தகவல் பரிமாறும் முறை) பேசும் வண்டிகளில் 6, 14 இரண்டும் தகவல் வயர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அவற்றின் நடுவே தடையை அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும்: இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாகச் சேர்ந்து தருவது அது. 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 0-ஐ ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. போர்ட்டுக்கும் மற்ற கணினிகளுக்கும் நடுவில் கேட்வே என்ற இடைக் கணினி வைத்த புது வண்டிகளில் இந்த எண் மாறும். அங்கே வயரிங் படம் இல்லாமல் முடிவு எடுக்காதீர்கள்.

## 12. மூடும் முன்

பல்பு, ஜம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சரியான ஆம்பியர் ஃபியூஸைப் போட்டு, 5-ஆம் படியின் இரண்டு அளவுகளையும் மறுபடி எடுங்கள். பழுது பார்த்த இணைப்பு லோடில் நிற்கிறதா என்று அதுதான் சொல்லும்; ஸ்கேனர் எரிந்துவிட்டது என்பது மட்டும் போதாது.

ஸ்கேனரை இணைத்த நிலையிலேயே போர்ட்டையும் பின்கட்டையும் ஆட்டுங்கள், எஞ்சினை ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்கள். இணைப்பு அறுபடக் கூடாது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் ஸ்கேனர் அணைந்து எழுந்தால், போர்ட்டை விட்டுவிட்டுப் பேட்டரியையும் அதன் டெர்மினல் பிடிப்பையும் பாருங்கள்.

போர்ட் எந்த ஃபியூஸில் ஓடுகிறது என்று கண்டுபிடித்ததை ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். வயரிங்கை மூடும்போது, கழற்றிய ஸ்க்ரூ எது எங்கே இருந்ததோ அங்கேயே போகட்டும். நீளமானது கால்பக்க மூடிக்குப் போய்விடக் கூடாது.